கழுகக்கா கண் கலங்கிய கதை

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. வெட்டி, தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்ட சட்டை எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் என் மேசைக்கு வரும். நான் அதை மடித்து, காலருக்குள் அட்டை செருகி, உறையில் போடுவேன். பதினோரு வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு கை நீளம்தான்.

ஒரு சட்டைக்கு அவளுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். காலரைத் தூக்குவாள், இரண்டு முனையையும் சேர்த்துப் பார்ப்பாள், தோளைப் பிடித்து ஒரு உதறு, கையைத் திருப்பி ஒரு பார்வை. தையல் தாண்டிப்போன இடம், நூல் பிசிறு, மெஷின் எண்ணெய் பட்ட கறை என்று எள்ளளவு குறை இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். "போ, உங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டு வா" என்று சட்டையிடமே சொல்லித் திருப்பி அனுப்புவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவளுக்கு அந்த எண்ணெயும் தேவைப்பட்டதில்லை. தையல் வரிசைப் பெண்கள் பயத்தில் வைத்த பெயர் கழுகு. வயதுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் அக்காவைச் சேர்த்துக்கொண்டோம்.

கண்டிப்பானவள் என்றால் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கூடத்திலேயே பெரிய சிரிப்பு அவளுடையதுதான். நாற்பது தையல் மெஷின் ஓடும்போதும் அது தனியாகக் கேட்கும். அழுகை மட்டும் அவளுக்கு வராது. ஒருமுறை இஸ்திரிப் பலகை காலில் விழுந்து கட்டைவிரல் நகமே பெயர்ந்து வந்தது. நாங்கள் ஐந்து பேர் அழுதோம். அவள் பலகையைத் திட்டிவிட்டு, "யாராவது தண்ணி குடுங்கடி, இவளுங்களுக்கு" என்றாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மதியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. தூசி."

மறுநாளும் தூசி. அதற்கு மறுநாளும் தூசி. காலையில் வரும்போதே இரண்டு இமையும் உப்பி, பிடித்து வைத்த மாவு மாதிரி இருக்கும். குரல் கம்மிப்போயிருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாங்களெல்லாம் வியர்த்து வழிகிறபோது அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். கூடத்தில் அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தூசி என்று சொல்பவர்கள் எல்லாரும் அழுகிறவர்கள்தான் என்பது எனக்குத் தெரியும். நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொழிற்சாலையில் என்னை ரேடியோ என்பார்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. காலை பத்தரை மணிக்கு நான் காஜா மெஷின்காரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா முகமே சரியில்ல, வீட்டுல ஏதோ." சத்தியமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் அந்தச் செய்தி கூடத்தைச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. "உனக்குத் தெரியுமா? கழுகக்கா வீட்டுக்காரருக்கு வேற ஒரு இடத்துல பழக்கமாம்." ஒரு செய்திக்குக் காது மூக்கு வைப்பது என்று சொல்வார்கள். நான் வைத்தது காது மட்டும். மூக்கு காஜாக்காரி வைத்தது. பொட்டு வைத்து, பூ வைத்து, மேடையில் ஏற்றிவிட்டது இஸ்திரிப் பகுதி.

அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒல்லி. வழியில் நிற்கும் மாட்டுக்கு ஹாரன் அடித்துவிட்டு, கடந்துபோகும்போது அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிற ஜாதி. அக்கா எனக்கு அக்கா என்பதால் அவர் எனக்கு மாமா. பதினோரு வருடத்தில் என்னிடம் அவர் பேசியது மொத்தம் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

அந்த மனிதர் மேல் ஊரே பாய்ந்தது. வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும் தாய்மார்கள் அவர் வணக்கம் சொன்னால் வேறு பக்கம் பார்த்தார்கள். டீக்கடைக்காரம்மா அவருக்கு மட்டும் ஆறின டீயை நீட்டினாள். எங்கள் தொழிற்சாலையிலோ அக்காவுக்கு ராஜ உபசாரம். மதியம் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து அவள் தட்டில் வைத்தார்கள். சூப்பர்வைசர், அவர் யாரிடமும் மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை, அவளுக்கு முதுகு சாய்கிற நாற்காலி போட்டுக் கொடுத்து, "எதா இருந்தாலும் மனச விட்றாதீங்கம்மா" என்றார்.

"எதுக்குடி எல்லாரும் எனக்குச் சோறு ஊட்டறீங்க? ஏற்கெனவே பாவாடை நாடா பத்தல" என்று அக்கா என்னிடம் கேட்டாள். நான் உறைகள் இருந்த பெட்டிக்குள் தலையைவிட்டு எதையோ தேடினேன்.

செய்தி அவள் தம்பி வரைக்கும் போய்விட்டது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம், கதவில் நுழையும்போது தோளைச் சரித்துத்தான் நுழைய வேண்டும். அவனுக்கு அக்கா என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் அப்போது அங்கே இருந்தேன். மனசு உறுத்தியதால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, அக்கா எப்படியிருக்கிறாள் என்று பார்க்கப் போயிருந்தேன். மாமா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, வெளிய வாங்க" என்றான் தம்பி.

மாமா ஈரக் கையோடு வந்தார். "வா மாப்ள, உக்காரு. டீ போடவா?"

"டீ குடிக்க வரல. எங்கக்காவ நீங்க அழ வச்சுப் பாக்கறீங்களாம். நாங்க ஆள் இல்லாத வீடுன்னு நெனச்சிட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்து, தூங்கி எழுந்த அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு கண்ணும் பாதிதான் திறந்திருந்தன. கீழிமை பை கட்டித் தொங்கியது. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா! ராத்திரி முழுக்க அழுதிருக்கு!" என்று தம்பி கத்தினான். "அக்கா, நீ கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"எங்கடா கிளம்பறது? நான் இன்னும் பல்லே வெளக்கல."

"அழாதன்னு சொல்றேன்ல!"

"யாருடா அழுதா?" என்றாள் அக்கா, அந்தக் கம்மிப்போன குரலில். "நான் அழல. கண்ணு மட்டும்தான் அழுவுது. எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

தம்பி குழம்பிப் போய் மாமாவைப் பார்த்தான். மாமா தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, என் கணக்கில் மூன்று வருடப் பேச்சை ஒரே மூச்சில் பேசினார்.

"மாப்ள, நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு மாசமா இவ அழுவறா, நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல. கேக்கவும் பயம். அதான் பாத்திரம் வெளக்கறேன், துணி தொவைக்கிறேன், வாரம் ஒரு தடவ பூ வாங்கிட்டு வரேன். எதுக்கும் நிக்கல."

அக்கா அவரையே பார்த்தாள். "அதுக்கா? அடப் பாவி மனுஷா! நீ திடீர்னு துணியெல்லாம் தொவைக்கவும், வேன எங்கயோ இடிச்சிட்டு மறைக்கிறேன்னு இல்ல நான் நெனச்சேன்! நீ தூங்கினப்புறம் வேனச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு வந்தேன். ஒரு கீறல்கூட இல்ல!"

முதலில் சிரித்தது தம்பி. பிறகு எல்லாரும். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது. "அது சரி, இந்தப் பேச்சு எங்கேர்ந்து கிளம்பிச்சு?" என்று தம்பி கேட்டான். மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன்.

அன்றைக்கு அதோடு முடிந்தது. ஆனால் தம்பியை வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கும்போது அக்கா என்னிடம் தணிந்த குரலில் ஒன்று சொன்னாள்.

"மத்தியானத்துக்கு மேல தையல் மங்கலா தெரியுதுடி. கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இருக்கு. போன வாரம் ரெண்டு சட்டை தப்பிப் போயிடுச்சு, தெரியுமா உனக்கு? ஒண்ணு வலது கை இடது கை மாத்தி வச்சது. கை மாத்தி வச்சது! அதையே நான் பாக்கல. கண்ணு போச்சுன்னா அந்த மேசைல எனக்கு என்ன வேலை?"

அந்த இரண்டு சட்டையையும் நான் பார்த்திருந்தேன். பேசாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்; அந்த ஓரத்தில் அவளே கண்டுபிடித்திருக்கிறாள் போல. என் வாழ்நாளிலேயே வெளியே சொல்லாத செய்தி அது ஒன்றுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் வாசலில் வருகைப் பதிவுக்கு ஒரு இயந்திரம் உண்டு. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். அக்கா போய் நின்றாள். சிவப்பு எரிந்தது. "முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அக்கா ஸ்வெட்டரின் காலரை இறக்கிவிட்டு நின்றாள். பொருந்தவில்லை. தலையை வாரிக்கொண்டு நின்றாள். பொருந்தவில்லை. பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறோம்.

"பதினோரு வருஷமா இங்க வேலை பாக்கறேன்டி, என்னையே யாருங்கறா இவ!" என்று இயந்திரத்தைப் பார்த்து அக்கா சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் இயந்திரத்தின் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வருடத்துக்கு முன்னால் பதிவு செய்த முகம் அது இல்லை என்று இயந்திரம் சொன்னது பொய்யில்லையே.

அலுவலகத்தில் புதிதாக முகம் பதிவு செய்யச் சொன்னார்கள். "எப்படியும் போட்டோ புடிக்கப் போறாங்க, புருவத்தையாவது ஒழுங்கு பண்ணிட்டு வருவோம்" என்று மதிய இடைவேளையில் எதிர்ச் சாரியில் இருக்கும் பார்லருக்குப் போனோம். ஒரே ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. பார்லர்காரி எங்களில் பாதிப் பேருக்குப் புருவம் எடுப்பவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள், எங்களுக்கும் அது பழகிவிட்டது.

அக்காவின் புருவத்தின் மேல் விரலை ஓட்டியவள் நின்றாள். நூலை வாயிலிருந்து எடுத்தாள். அவள் நூலை எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அக்கா, நடுவுல வேற யார்கிட்டயாவது புருவம் எடுத்தீங்களா?"

"உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"அப்ப இந்த வால் எங்க போச்சு?" கைக்கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். இரண்டு புருவத்திலும் வெளிப்பக்கத்து முனை, மூன்றில் ஒரு பங்கு, காணவில்லை. மயிர் இருந்த இடம் வெறுந்தோலாகக் கிடந்தது. பதினோரு வருடம் பக்கத்திலேயே இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

"நான் எடுக்கலக்கா. தானா கொட்டியிருக்கு. தோலும் வறண்டிருக்கு, இமையும் வீங்கியிருக்கு. எப்பவும் குளுருதா?"

"ஆமா."

"அசதியா? எடை ஏறுதா?"

"ஏன்டி, ஜோசியமா பாக்கறே?"

"எங்கிட்ட வர்ற ஒரு டீச்சரம்மாவுக்கு இப்படியேதான் இருந்துச்சு. தைராய்டு. பென்சில் போட்டு வரைஞ்சு விட்டா போட்டோல அழகா இருக்கும்தான். ஆனா நான் போட மாட்டேன். இதே மூஞ்சியோட போய் டாக்டரப் பாருங்க. நான் மூடி மறைச்சுட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

புருவத்தில் நூல் வைக்காமலே எங்களை எழுப்பி அனுப்பிவிட்டாள்.

கண் டாக்டரிடம் நான்கு பேராகப் போனோம். அக்கா, மாமா, தம்பி, நான். தம்பி தான் செய்ததற்குப் பிராயச்சித்தமாக அக்காவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "கண்ணு யாருக்கு?" என்றார்.

ஒரு சின்னக் காகிதப் பட்டையை அக்காவின் கீழிமைக்குள் செருகி, கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார். வெளியே எடுத்துப் பார்த்தால் நுனி மட்டும் நனைந்திருந்தது.

"கண்ணு ரொம்பக் காஞ்சிருக்கு" என்றார்.

"காஞ்சிருக்கா?" அக்கா எழுந்தே விட்டாள். "ரெண்டு மாசமா குழாய் மாதிரி ஊத்துது டாக்டர்! நான் அழுவறேன்னு சொல்லி என் வீட்டுக்காரர ஊரே சேர்ந்து திட்டிச்சு!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காஞ்சதாலதாம்மா ஊத்துது. கண்ணு நனைஞ்சு இருக்கறதுக்குப் பசையான ஒரு ஈரம் வேணும். அது குறைஞ்சா கண்ணு உறுத்தும். உறுத்தினா ஒரேயடியா தண்ணி கொட்டும். அந்தத் தண்ணி கண்ணுல தங்காது, கன்னத்துல வழிஞ்சு போயிடும். திரும்பவும் காயும். மங்கலா தெரியறதும் அதனாலதான். கண்ணு போகல."

கண்ணு போகல. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அக்கா நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு டாக்டரம்மா புருவத்தைப் பார்த்தார், குரலைக் கேட்டார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பார்லர்காரி கேட்டதையே வரிசை மாறாமல் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, மாடியில் இருந்த பொது மருத்துவரிடம் அனுப்பினார். "தைராய்டு சரியில்லாட்டி சிலருக்குக் கண்ணு முன்னாடி பிதுங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும். உங்களுக்கு அது இல்ல. ஆனா எப்பவாவது அப்படித் தெரிஞ்சா, கண்ணுக்குள்ள வலிச்சா, அன்னிக்கே வந்துடணும்" என்று சொட்டு மருந்தும் கொடுத்தார்.

மாடி டாக்டர் அக்காவை நாற்காலியில் மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் அசைந்தது. அசைந்த பாதம் தன் இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் நான் ஒரு சட்டையை மடித்திருப்பேன். அவ்வளவு ஆற அமர வந்தது. "உடம்பு முழுக்க இதே வேகத்துலதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர்.

ரத்தம் கொடுத்து, இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பார்லர்காரி சொன்னதுதான். கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி சோம்பிப்போய், பாதி வேலைகூடப் பார்க்கவில்லை. தம்பி எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "டாக்டர், அப்போ இதுக்கு எங்க மாமா காரணமில்லையா?"

டாக்டர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "இல்லப்பா. இவருக்கும் தைராய்டுக்கும் எந்த உறவும் இல்ல."

"இத ஒரு சீட்டுல எழுதித் தர முடியுங்களா?" என்றார் மாமா. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சீட்டு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக என்னை நிறுத்தினார்கள். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டு, "ரேடியோ, செய்தி வாசி" என்றாள். மாமா உத்தமர், கண்ணீருக்குக் காரணம் தைராய்டு என்று நான் சத்தமாகச் சொன்னேன். இஸ்திரிப் பகுதியில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "அப்ப அந்தப் பொம்பள?" என்று ஒருத்தி கேட்டாள். "எந்தப் பொம்பளடி?" என்று அக்கா கேட்கவும், எல்லாரும் அவரவர் டப்பாவில் மூழ்கிவிட்டார்கள். டீக்கடைக்காரம்மாவுக்கும் விஷயம் போனது. அன்று மாலையே மாமாவுக்குக் கொதிக்கக் கொதிக்க டீ. அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மாத்திரை சின்னதுதான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது, டீயும் கூடாது. அக்கா கண் விழிப்பதே டீ முகத்தில்தான். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. மாமா என்ன செய்தார் தெரியுமா? அவரும் டீயைத் தள்ளிவைத்தார். வேன் எடுக்க இன்னும் நேரம் இருக்கும். இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மாமா ஒரு சீட்டுக்கட்டை வாங்கி வந்தார். கழுதை விளையாட்டு. தோற்றவர் டீ போட வேண்டும்.

"கல்யாணமாகி இருபத்தொரு வருஷம், இந்த மனுஷன் இவ்ளோ கள்ளாட்டம் ஆடுவார்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி" என்று அக்கா வந்து சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் வாயெல்லாம் பல்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியாமல், "மாத்திரையும் என்ன மாதிரியே சோம்பேறி போலிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். கடைசி மேசையில் வேறொருத்தியை வைத்துவிட்டு, அக்காவைக் கொஞ்ச நாள் பெட்டி கட்டும் இடத்தில் உட்கார வைத்தார் சூப்பர்வைசர். கண்ணுக்கு மணிக்கொரு முறை சொட்டு விட்டுக்கொள்வாள். டாக்டரம்மா சொன்னபடி வேலைக்கு நடுவில் நிறுத்திவிட்டு வேண்டுமென்றே இமையைத் தட்டித் தட்டி மூடுவாள். அது தெரியாமல் எதிரில் இருந்த பெட்டி கட்டும் பெரியவர், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து இடத்தை மாற்றிக்கொண்டார். அந்தச் செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவே எல்லாரிடமும் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் ஸ்வெட்டர் கழன்றது. பிறகு குரல். ஒருநாள் பெட்டி கட்டும் பக்கத்திலிருந்து அந்தப் பெரிய சிரிப்பு மெஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது. நாற்பது மெஷினும் ஒரு நொடி நின்றன. பிறகு எல்லா மெஷினும் முன்பைவிட வேகமாக ஓடின.

இமை வடிந்தது. கன்னம் வற்றியது. மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு காலை, இயந்திரத்தின் முன்னால் அக்கா போய் நின்றாள். சிவப்பு எரிந்தது. "முகம் பொருந்தவில்லை." வீங்கிய முகத்தோடுதானே புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள்! அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "கேட்டியாடி! பொருந்தலையாம்! இன்னொரு தடவ சொல்லு, என் தங்கமே!" என்று இயந்திரத்தைக் கொஞ்சினாள். அதுவும் சலிக்காமல் சொன்னது. வாசல் காவலாளி தலையில் அடித்துக்கொண்டு அவளைக் கையெழுத்துப் போடவைத்து உள்ளே அனுப்பினார்.

அன்று அவளை மறுபடி கடைசி மேசைக்கு அனுப்பினார்கள். சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் கையில் வாங்கியதும் அதைக் கொஞ்ச நேரம் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். முதல் சட்டையை எடுத்தாள். காலர், முனை, தோள், கை. குறையில்லை. என் பக்கம் தள்ளினாள். இரண்டாவதில் மூன்றாம் பொத்தானில் நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொத்தானைப் புரட்டிக் காட்டினாள். மற்ற பொத்தான்களில் குறுக்கு வாட்டில் போன நூல், அதில் மட்டும் நேராகப் போயிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டினாள். தையல் வரிசையிலிருந்து ஒரு பெரிய முனகல் எழுந்தது. அந்த முனகலில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பார்லர்காரிக்கு அக்கா ஒரு சட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் இப்போது யாருக்குப் புருவம் எடுத்தாலும் முதலில் வாலைத் தடவிப் பார்க்கிறாள். எங்கள் கூடத்தில் புருவம் மெலிதாக இருந்த பாவத்துக்கு நான்கு பேரை அக்கா தரதரவென்று ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. நாலாவது ஆள் காஜாக்காரி. அவளுக்குத் தைராய்டு லேசாகக் குறைந்திருந்தது, முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். "இந்த மாத்திரை எத்தன நாளைக்கு டாக்டர்?" என்று அக்கா தன் மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, "அநேகமா ஆயுசு முழுக்க இருக்கும்மா" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அப்போ சீட்டாட்டமும் ஆயுசு முழுக்க" என்றாளாம் அக்கா.

போன மாதம் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு புதிய ஆர்டர் வந்தது. மழைக்கோட்டு. பளிச்சென்ற மஞ்சள். தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் என்ன பண்றது?" என்று சூப்பர்வைசர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கோட்டை எடுத்து மாட்டினாள், தொப்பியை இழுத்துக் கட்டினாள், நேராக முற்றத்துக்குப் போய் நின்றாள். "அந்தத் தோட்டத்துக் குழாய எடுத்து அடிங்க சார்!"

சூப்பர்வைசர் தயங்கித் தயங்கித்தான் அடித்தார். "இதென்ன சார், பூச்செடிக்கா ஊத்தறீங்க? மழை மாதிரி அடிங்க!" அடித்தார். கோட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அடுத்த கோட்டைக் காஜாக்காரி மாட்டினாள். அதற்கடுத்து நான். சிறிது நேரத்தில் முற்றம் முழுக்க மஞ்சள் கோட்டு. குழாய் எப்போது சூப்பர்வைசர் கையிலிருந்து அக்கா கைக்கு மாறியது என்று யாருக்கும் தெரியாது. கோட்டு போடாதவர்தான் முதலில் நனைந்தார், அது சூப்பர்வைசர்.

வேலை முடியும் நேரம் அது. மாமாவின் வேன் வாசலுக்கு வந்து நின்றது. இறக்கிவிட வேண்டிய பிள்ளைகள் இன்னும் ஏழெட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். "எங்களுக்கும் ஆன்ட்டி! எங்களுக்கும்!" அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றச் சொல்லி, எல்லாம் ஏறிவிட்டதா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவளைப் பார்த்துத் தலையாட்டினார். குழாய்த் தண்ணீர் வேனின் முன் கண்ணாடியில் பலமாக அடித்தது. உள்ளே பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. மாமா வைப்பரைப் போட்டார்.